சருகிலையனுக்கு ஒரு பக்கம்

செப்டம்பர் 17, புதன்

வத்தலக்குண்டில் பஸ் மாறி மலையேறி, பிற்பகலில் எஸ்டேட் பங்களாவுக்கு வந்து சேர்ந்தோம். காப்பித் தோட்டத்துக்கு நடுவில் ஓட்டு வீடு. பின்னால் ஓடை, அதற்கப்பால் காடு.

ஜெனிட்டா இங்கே பல தடவை தங்கியிருக்கிறாள். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். பழனிமலை வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி ஆறு வருஷமாகப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுத்து அவளுடையது, படங்கள் என்னுடையவை. ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி. அந்தப் பக்கத்துக்கு உரியவன் பெயர் சருகிலையன். ஜெனிட்டா வைத்த பெயர்தான்.

சிறகை மூடி உட்கார்ந்தால் அது காய்ந்த இலை. நடு நரம்பு, கிளை நரம்பு, காம்பு, பூஞ்சை பிடித்த புள்ளி, பூச்சி அரித்த ஓட்டை எல்லாம் உண்டு. விரித்தால் கருநீலம். ஒன்றின் அடிப்பக்கம் இன்னொன்றைப் போல் இருக்காது. கல்லூரிக் கண்ணாடிப் பெட்டியில் ஊசி குத்தி வைத்திருந்ததைப் பார்த்து இரண்டு தடவை வரைந்தேன். இரண்டையும் கிழித்தேன். செத்ததைப் பார்த்து வரைந்தால் வெறும் செத்த இலைதான் வருகிறது. இலையாக நடிக்கிற உயிர் அதில் வரவில்லை.

அக்டோபர் பத்துக்குள் படம் வராவிட்டால் போட்டோவைப் போட்டுவிடுவதாகப் பதிப்பாளர் சொல்லிவிட்டார். ஜெனிட்டாவிடம் நல்ல போட்டோ இருக்கிறது. ஆனாலும் அது போட்டோ. மற்ற எல்லாப் பக்கத்திலும் என் கை இருக்கும்போது கடைசிப் பக்கத்தை மட்டும் நான் விடுவதாக இல்லை.

கட்டிலை வழியில் போட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை முழங்காலில் இடித்துக்கொண்டேன். விளக்கும் மோசம், பொழுது சாய்ந்ததும் அறையில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய பல்பாகப் போடச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

சருகிலையன் பூவுக்கு வராது. அழுகிய பழத்துக்கும் மரத்தில் வடியும் பாலுக்கும்தான் வரும். பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் பவுன்ராஜ் ஒரு சீப்பு விருப்பாட்சிப் பழத்தை வெல்லத்தோடு பிசைந்து, வாளியில் மூடி, அடுப்படிக்குப் பக்கத்தில் ஊறப்போட்டார். ஐம்பது வயதிருக்கும். சமையலும் அவர்தான், ஜீப்பும் அவர்தான்.

"நல்ல பழமும்மா இது. எங்க வீட்ல பிள்ளைக கேட்டாக்கூட எண்ணித்தான் குடுப்பா எம் பொண்டாட்டி. நீங்க பூச்சிக்கு வைக்கிறீங்க" என்றார்.

"உங்க பிள்ளைகளை நான் வரையலையே" என்றேன். சிரித்தார். பிறகு, ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டுமாடு நடமாட்டம் இருக்கிறதென்றும், கண்டால் ஓடாமல் அப்படியே பின்னால் வந்துவிட வேண்டும் என்றும் எச்சரித்தார்.

பெரிய பல்பு வந்தது. அதுவும் மோசம்.

செப்டம்பர் 20, சனி

வந்தது. ஓடைக்கரை அத்தி மரத்தில் பழக்கூழைப் பூசிவிட்டுக் காத்திருந்தோம். பத்து மணிவாக்கில் ஜெனிட்டா என் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, அந்தா."

"எங்க?"

"கண்ணு முன்னாடிதான். அடிமரத்துல, கொடிக்குப் பக்கத்துல."

கொடி தெரிந்தது. மரப்பட்டை தெரிந்தது.

"தெரியுதாக்கா?"

"ம்."

அதற்குள் அது பறந்துவிட்டது. நீலம் பளிச்சென்று போனதாம். ஜெனிட்டாவுக்குக் குதிக்காத குறை. "பாத்துட்டீங்கல்ல!" என்று என் கையைக் குலுக்கினாள். பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளலாம். இலை மாதிரி இருப்பதுதானே அதன் தொழில். முதல் நாளே கண்ணில் பட்டுவிட வேண்டும் என்று என்ன இருக்கிறது?

செப்டம்பர் 21, ஞாயிறு

மழை. தூரிகைகளைக் கழுவினேன்.

செப்டம்பர் 22, திங்கள்

மழை விட்டது. சருகிலையன் இரண்டு தடவை வந்துபோனதாக ஜெனிட்டா சொல்கிறாள். நான் அந்த நேரங்களில் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

மாலையில் சோமு அண்ணன் போன் பண்ணினான். மதுரையில் ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். எல்லாரிடமும் பேசிப் பேசி, மூச்சு விடுவதை வைத்தே ஆளைப் படித்துவிடுவான்.

"என்னத்தா, பூச்சியைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்த மாதிரி சொல்லலையே. சரி, கட்டைவிரல்?"

"பாத்தேன்."

"நேரா நீட்டி, பக்கவாட்டுல கொண்டுபோனியா? எங்க மறையுது?"

"மறையல. வேலை இருக்கு, வைக்கவா?"

"டாக்டர்கிட்ட இந்த மாசம் போகணும்ல. அங்க கேட்டேன். நீ ஆஸ்பத்திரிக்கு வரவேயில்லைன்னாங்க."

"புத்தகம் முடியட்டும்" என்று வைத்துவிட்டேன்.

கையை அவ்வளவு தூரம் தூக்கினால் தோள் வலிக்கிறது. அதனால் முழுக்க நீட்டிப் பார்க்கவில்லை.

அண்ணனுக்குப் பார்வை போய்ப் பல வருஷம் ஆகிறது. எங்கள் அம்மா, அப்பாவின் சொந்த அக்கா மகள். இதை இங்கே எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 24, புதன்

காலையில் நல்ல மூடுபனி. ஒற்றையடிப் பாதையில் நான் முன்னால் போனேன், ஜெனிட்டா பின்னால். திடீரென்று என் பையைப் பிடித்து இழுத்தாள். பின்னால் விழுந்தேன். அவளும் என்னோடு விழுந்தாள். அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது, பெரிய துருத்தியிலிருந்து காற்று வெளியேறுவது போல. பாதைக்கு இடப்பக்கம், கையெட்டும் தூரத்தில் ஒரு காட்டுமாடு நின்றிருந்தது. ஒற்றைக் கடா. முழங்கால்வரை வெள்ளை. எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காப்பிச் செடிகளை முறித்துக்கொண்டு இறங்கிப் போனது.

பங்களாவுக்குத் திரும்பும்வரை ஜெனிட்டா என் பையை விடவில்லை. பவுன்ராஜ் சுக்குக் காப்பி போட்டுத் தந்தார். "நல்ல நேரம்மா, நல்ல நேரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூடுபனி அப்படி இருந்தது.

செப்டம்பர் 25, வியாழன்

காலையில் மேஜையில் உட்கார்ந்து, வரைவதற்கான காகிதத்தை நனைத்துப் பலகையில் இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, ஜெனிட்டா என் பக்கத்தில் டம்ளரை நீட்டியபடி நின்றுகொண்டிருக்கிறாள் என்று. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"ரொம்ப நேரமா நீட்டிட்டிருக்கேன்கா."

"கூப்பிட்டா என்ன?"

"கூப்பிடாம இருந்தா தெரியுதான்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன உன் காலேஜ் எலியா? சோதனை பண்றியா என்னை?"

"நேத்து பனியே இல்லக்கா, அந்த இடத்துல. கீழதான் இருந்துச்சு. அது மூச்சு விடற சத்தம் எனக்கு முன்னாடியே கேட்டுச்சு. நீங்க பாத்துட்டு நிப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க பாட்டுக்கு நடந்தீங்க." டம்ளரை இன்னும் பிடித்தபடியே நின்றாள். "உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"எனக்கு ஒன்னும் ஆகல."

"போட்டோவையே போட்டுறலாம்கா. உங்களைக் கூட்டிட்டு இனிமே காட்டுக்குள்ள போக மாட்டேன்."

டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 27, சனி

ஜெனிட்டா தேர்வு வேலைக்காகத் திண்டுக்கல்லுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை வந்து என்னையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு இறங்கிவிடுவாளாம். என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று பவுன்ராஜிடம் உத்தரவு.

அவள் தலை மறைந்ததும் அடுப்படிக்குப் போனேன்.

"அந்தப் பழ வாளியை எடுங்க."

"ஜெனிட்டாம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்கம்மா."

"என்ன சொன்னா?"

"காட்டுக்குள்ள உங்களைக் கூட்டிட்டுப் போகப்படாதுன்னு."

"கொல்லையில நிக்கிற பலாமரம் காட்டுக்குள்ளயா இருக்கு?"

தலையைச் சொறிந்தார். வாளி வந்தது.

காடு முழுக்க ஒரு பூச்சியைத் தேடுவது எனக்கு ஆகாது. அவ்வளவையும் ஒருசேரப் பார்க்க என்னால் முடிவதில்லை. ஆகவே அது என்னிடம் வர வேண்டும். பலாமரத்தில் என் முகத்துக்கு நேராக ஒரு கைக்குட்டை அகலத்துக்குக் கூழைப் பூசினேன். எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்தக் கைக்குட்டை அகலத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

எறும்புகள் வந்தன. ஒரு குளவி வந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

குரங்குகள் கூழை நக்கித் தின்றுவிட்டன. மறுபடி பூசினேன்.

செப்டம்பர் 29, திங்கள்

சாயங்காலம் மழையில் கழுவிக்கொண்டு போனது. பூசினேன்.

பவுன்ராஜ் ஒரு பழைய தார்ப்பாயை மரத்தில் சாய்வாகக் கட்டித் தந்தார். கேட்காமலே செய்தார். "வீட்ல திட்றா. பழம் பூரா மரத்துக்கே போகுதாம்" என்றார்.

அக்டோபர் 1, புதன்

சின்னச் சின்னப் பழுப்புப் பூச்சிகள் நிறைய வருகின்றன. அது வரவில்லை. காலில் அட்டைக்கடி. முதுகு பிளக்கிறது. காலை வெயில் வந்ததிலிருந்து வெளிச்சம் இருக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.

வெறும் மரப்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தால் யோசனை எங்கெல்லாமோ போகிறது. அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நிலைப்படியில் இடித்துக்கொள்வான். தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவான். அம்மா கவனம் பத்தாது என்று திட்டுவாள். அவனும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பான். சினிமாக் கொட்டகையில் இடைவேளை முடிந்து திரும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவான். தங்கச்சி தொலைந்துவிடக் கூடாதாம்.

எனக்கு நேரே இருப்பது நன்றாகத் தெரிகிறது. எறும்பின் கொம்புகூடத் தெரிகிறது. சுற்றிலும்தான் இல்லை. சுருட்டிய காலண்டர் வழியாகப் பார்ப்பது போல. போன வருஷம் அந்தக் காலண்டர் இன்னும் அகலமாக இருந்தது.

எழுதிவிட்டேன். அடித்து அழிக்கப்போவதில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

ஜெனிட்டா வந்தாள். தார்ப்பாயையும் முக்காலியையும் பார்த்தாள். பவுன்ராஜைப் பார்த்தாள். அவர் ஜீப்பைக் கழுவப் போய்விட்டார்.

அவளை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனுடைய நோயின் பெயர், எனக்கும் அதுதான் என்று டாக்டர் சொன்னது, அதன் பிறகு நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதது. இருட்டில் சுத்தமாகத் தெரியாது என்பதையும் சொன்னேன். நினைத்ததைவிடச் சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டேன். இவ்வளவுதானா என்று இருந்தது.

"முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா படம் வரையற வேலையை எனக்குக் குடுத்திருப்பியா?"

கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"குடுத்திருக்க மாட்டேன்" என்றாள். "ஆனா அது தப்பாப் போயிருக்கும்."

பிறகு இருவரும் அழுதோம். பவுன்ராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "ரசம் வைக்கவா, குழம்பு வைக்கவா?" என்று கேட்டார். இரண்டும் வைக்கச் சொன்னோம்.

இன்றைக்கு இறங்கவில்லை. ஜெனிட்டா கல்லூரிக்குப் போன் போட்டு, காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 4, சனி

எதையும் விடாமல் எழுத வேண்டும்.

காலை முழுக்க இரண்டு முக்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. பதினொரு மணிக்கு மேல் ஜெனிட்டாவின் மூச்சு மாறியது. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிறாள் என்று தெரிந்தது.

"வந்திருச்சா?" என்றேன்.

"ம்."

"நான் பாக்கிற எடத்துல இல்ல."

"இல்லக்கா."

என் கைக்குட்டை அகலத்தில் எறும்புகள் மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறது. வீம்புக்கு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு, "வழி சொல்லு" என்றேன்.

"கூழுலருந்து கீழ வாங்க. மெதுவா. இன்னும் கீழ. ஒரு வெடிப்பு இருக்கும்."

"இருக்கு."

"அதும்மேலயே வலது பக்கம் போங்க. ஒரு பலாப் பிஞ்சுக் காம்பு காஞ்சு நிக்கும்."

"நிக்குது."

"அதுக்கு நேர் கீழ. மூணு சருகு ஒட்டிட்டிருக்கும். நடுவுல உள்ளது சருகு இல்ல."

மூன்று சருகுகள் இருந்தன. நடுவில் இருந்ததை மேலிருந்து கீழாக, காம்பிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். காம்பு. நடு நரம்பு. நரம்புக்குக் கீழே சாம்பல் படிந்த மாதிரி ஒரு திட்டு. இரண்டு புள்ளிகள், ஒன்று ஊசித்துளை அளவுக்குக் கண்ணாடி போல. இலைநுனிக்குக் கொஞ்சம் முன்னால், கரிய உருண்டையாக, ஒரு கண்.

அந்தக் கண்ணைப் பார்த்ததும் இலை இல்லாமல் போய்விட்டது. தலைகீழாக உட்கார்ந்து, பட்டையிலிருந்து கசிந்து வந்த பழச்சாற்றை அது குடித்துக்கொண்டிருந்தது. உறிஞ்சு குழல் நடுங்கியது. காற்று அடித்தபோது பக்கத்துச் சருகுகள் ஆடின. இது ஒரு நொடி பிந்தி ஆடியது.

வரைந்தேன். காகிதத்துக்கும் அதற்கும் இடையே பார்வை போய்வரும்போதெல்லாம் இடத்தைத் தொலைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஜெனிட்டா, "வெடிப்பு. வலது. காம்பு. கீழ" என்று கிசுகிசுத்தாள். சலிக்கவேயில்லை. கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் அது ஒரு தாளம் மாதிரி ஆகிவிட்டது.

குடித்து முடித்து அது ஒரே ஒரு தடவை சிறகை விரித்தது. மழைமேகத்தின் நீலம். குறுக்கே வெளிர்நீலப் பட்டை. நான் என்னையறியாமல் "ஏய்" என்றேன். போய்விட்டது.

அக்டோபர் 5, ஞாயிறு

வண்ணம் கலக்க ஆரம்பித்தேன். ஈரக் காற்றில் காகிதம் காய மறுக்கிறது. பவுன்ராஜ் அடுப்புக் கங்குகளை இரும்புச் சட்டியில் கொண்டுவந்து வைத்தார். பழுப்பு என்று ஒரு நிறமே கிடையாது. சிவப்பும் நீலமும் மஞ்சளும் சண்டை போட்டு ஓய்ந்த இடம் அது.

அக்டோபர் 6, திங்கள்

நரம்புகள். ஒற்றை முடித் தூரிகை. பகல் வெளிச்சத்தில் மட்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

முடிந்தது. மேல்பக்கம், அடிப்பக்கம், மரத்தில் தலைகீழாக உட்கார்ந்திருக்கும் நிலை. மூன்றும் ஒரே பக்கத்தில். ஜெனிட்டா நெடுநேரம் பார்த்தாள். "கண்ணுல ஆரம்பிச்சீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 8, புதன்

கீழே போய் ஒவ்வொரு படமாக ஸ்கேன் எடுத்து அனுப்பினோம். முதலில் மூன்றாவது படத்தை மட்டும் அனுப்பியிருந்தோம் போலிருக்கிறது. பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, "மேடம், மரமும் இலையும் வந்திருக்கு. பூச்சி இன்னும் வரலையே" என்றாள். ஜெனிட்டா போனை என்னிடம் தந்துவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து சிரித்தாள்.

அக்டோபர் 9, வியாழன்

ஜெனிட்டா மதுரை வரை கூட வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். பிடிவாதத்தால் இல்லை. பழகிக்கொள்ள வேண்டும்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். எல்லாம் மங்கலாக, விளக்குகள் மட்டும் தனித்தனியாக மிதந்தன. எத்தனையோ தடவை இந்த நேரத்தில் இங்கே தூணோரமாக நின்று, யாரோ வருவதற்குக் காத்திருப்பவள் போல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கூட்டம் குறைந்த பிறகு சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போவேன்.

இன்றைக்குப் பக்கத்தில் ஒரு அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது.

"யக்கா, எனக்கு இருட்டுல கண்ணு தெரியாது. ஆட்டோ நிக்கிற எடம் வரைக்கும் கையைக் குடுப்பீங்களா?"

"அட, வாத்தா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன கண், ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தபடியே, தன் மருமகன் தீபாவளிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதையும், வராவிட்டால் போகட்டும், பலகாரம் மிச்சம் என்று தான் சொன்னதையும் சொல்லி முடித்தாள். ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "பாத்துப் போத்தா" என்றாள்.

என் வீட்டுக்குப் போகவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான். உள்ளே ஒரே இருட்டு.

"மங்களாவா? இரு, லைட்டைப் போடறேன். எனக்கு அது ஞாபகமே இருக்கிறதில்ல."

அவன் விரல்கள் சுவரில் சுவிட்சைத் தேடும் சத்தம் கேட்டது.

"போடாத" என்றேன்.

தேடுவது நின்றது. நான் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"வாசல்லருந்து அடுப்படி வரைக்கும் நீ எப்படிப் போற? சொல்லு" என்றேன். "நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வா."